நெல் ஸ்டோருக்கு எந்த மெசின்? பெக்கோ, பூம் ட்ரக், போர்க்லிஃப்ட்: இரண்டு போகம் பாவித்த பிறகு

அப்பா காலத்தில் இருந்து களுவாஞ்சிக்குடியில் எங்களுக்கு ஒரு நெல் ஸ்டோரும் அதோடு ஒட்டிய சின்ன அரிசி ஆலையும் இருக்கிறது. பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போரதீவு, வெல்லாவெளி, மண்டூர் வட்டைகளில் வேளாண்மை வெட்டத் தொடங்கினால் எங்கள் கேற்றுக்கு முன்னால் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையில் நிற்கும். மாசி, பங்குனியில் ஒரு நாளைக்கு 400 மூடை இறங்கும். மூடை ஒன்று 65 கிலோ என்று வைத்தாலும் 26 தொன். அது ஒரு தடவை தூக்குவதோடு முடிவதில்லை. பெட்டியில் இருந்து தராசுக்கு, தராசில் இருந்து மூடை அடுக்கும் அட்டிக்கு, அட்டியில் இருந்து ஆலைக்கு அல்லது லொறிக்கு என்று அதே மூடை மூன்று தடவை மனிதர் தோளில் ஏறி இறங்கும்.

எங்களிடம் 18 வருடம் மூடை தூக்கிய மாமா ஒருவர் முந்தின பெரும்போகத்தில் அட்டியின் ஏழாவது வரிசைக்கு மூடை ஏற்றும்போது முதுகு பிடித்து அப்படியே இருந்துவிட்டார். மூன்று கிழமை படுக்கை. பார்க்கப் போனபோது, "மகள், இனி எனக்கு ஏலா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்றைக்குத்தான் மெசின் எடுப்பது என்று முடிவு செய்தேன். எந்த மெசின் என்பதில் பிறகு ஐந்து மாதம் போனது. இந்தப் பக்கம் நெல், சீமெந்து, உரம் என்று மூடை வியாபாரம் செய்கிறவர்களுக்கு அந்த ஐந்து மாதத்தையும் அதற்குப் பிந்திய இரண்டு போகத்தையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் பெக்கோ, அதாவது முன்னால் அள்ளும் வாளியும் பின்னால் தோண்டும் கையும் உள்ள மெசின். வாடகைக்கு லேசாகக் கிடைப்பது அதுதான். கான் வெட்ட, மணல் ஏற்ற, வளவு துப்புரவாக்க எல்லாத்துக்கும் அதைத்தான் கூப்பிடுகிறோம். மணித்தியாலக் கணக்கு, ஒப்பரேட்டரும் டீசலும் அவர்களுடையது. வாவிக்குக் கிழக்கே கடலோரமான எங்கள் எழுவான்கரை மணலில் புதையாமல் ஓடுகிற பெரிய மெசின் என்றால் நாலு சில்லும் இழுக்கிற பெக்கோதான். காயப்போட்ட நெல்லைத் தளத்தில் இருந்து அள்ளி டிப்பரில் போடவேண்டுமா, இதைவிட நல்ல மெசின் இல்லை. முன் வாளி ஒரு தடவைக்கு ஒரு கனமீற்றர் அளவுக்கு அள்ளும். ஒரு கனமீற்றர் நெல் 550 முதல் 600 கிலோ வரை வரும். ஒன்பது, பத்து வாளியில் ஒரு டிப்பர் நிறையும். மழை கறுத்துக்கொண்டு வரும் பின்னேரத்தில் அது செய்கிற உதவியை நாங்கள் மறக்க மாட்டோம்.

ஆனால் வாளியைப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. காலையில் எங்கேயோ கிறவல் மண் அள்ளிவிட்டு வந்த வாளி அது. மூலையில் ஒட்டியிருந்த கிறவல் காய்ந்து நெல்லோடு உதிர்ந்தது. ஆறு மூடை நெல்லைக் கொட்டி, இரண்டு நாள் பெண்கள் இருந்து புடைத்தார்கள். ஒரு சின்னக் கல் போதும், உமி நீக்குகிற இறப்பர் உருளையைக் கிழிக்க. இப்போது பெக்கோ வந்தால் வாளியைத் தண்ணீர் அடித்துக் கழுவி, துணியால் துடைத்த பிறகுதான் மீற்றர் ஓட விடுகிறோம். அதற்கு ஒப்பரேட்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கட்டின மூடைக்குப் பெக்கோ சரி வராது. வாளிக்குள் அடுக்கினால் எட்டு, பத்து மூடைக்கு மேல் நிற்காது. வாளிப் பல்லில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டுத் தூக்கலாம் என்று ஒருவர் செய்து காட்டினார். பல்லில் இருந்து சங்கிலி நழுவினால் கீழே நிற்கிறவன் கதி என்ன? நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். தூக்குவதற்கென்று கொளுக்கி பொருத்தாத வாளியில் யார் தொங்கவிட்டாலும் நீங்களும் நிறுத்துங்கள்.

அப்புறம் பூம் ட்ரக். லொறியின் கபினுக்குப் பின்னால் கிரேன் பொருத்தியது. ஆலைக்கு அரிசி தீட்டுகிற பழைய பொலிஷர் ஒன்று வாங்கினோம், அடித்தட்டோடு 900 கிலோ. அதை மதிலுக்கு மேலால் எடுத்து உள்ளே வைக்கவேண்டும். வாடகைக்காரர், "மூன்று தொன் கிரேன், யோசிக்காதீங்க" என்றார். அந்தக் கிரேனின் பக்கத்தில் 2.93 தொன் என்று எழுதியிருந்தது. ஜப்பானில் இருந்து வரும் இந்த ரகத்தில் நிறைய கிரேன்களில் இதே எண்ணைப் பார்க்கலாம். அந்த எண் கை கிட்டத்தில், கிரேன் நிற்கும் தூணில் இருந்து இரண்டு மீற்றர் சொச்சத்தில் தூக்கும்போதுதான் செல்லும். கையை நீட்ட நீட்ட அது குறைந்துகொண்டே போகும். ஐந்து மீற்றருக்கு நீட்டினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும், அதற்கப்பால் இன்னும் குறையும். எவ்வளவு என்பது அந்தக் கிரேனிலேயே ஒட்டியிருக்கும் அட்டவணையில் இருக்கிறது. எங்களுக்கு லொறி நிற்கும் இடத்தில் இருந்து பொலிஷர் வைக்கும் இடம் ஏழு மீற்றர். டேப் பிடித்து அளந்து அட்டவணையைப் பார்த்தபோது 900 கிலோவை அந்தத் தூரத்தில் அந்தக் கிரேன் தூக்கவே முடியாது என்று தெரிந்தது. மதிலில் ஒரு துண்டை இடித்து, லொறியை உள்ளே பின்னுக்கு எடுத்து, மூன்று மீற்றரில் வைத்துத்தான் வேலை நடந்தது.

அதிலும் ஒரு தடங்கல். பக்கக் கால்களை இறக்கியதும் வலப்பக்கக் கால் மணலில் ஒரு சாண் இறங்கியது. லொறி சாய்வது கண்ணுக்குத் தெரிந்தது. வந்தவரிடம் கட்டை இல்லை, பலகை இல்லை. எங்கள் பழைய வீட்டுக் கதவு நிலையில் இருந்து கழற்றி வைத்திருந்த முதிரைப் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்குப் போட்டு, அதன்மேல் காலை வைத்த பிறகுதான் லொறி மட்டமானது. பூம் ட்ரக் கூப்பிடுகிறவர்கள் மூன்று விஷயத்தைத் தொலைபேசியிலேயே பேசிவிடுங்கள்: பாரம் எத்தனை கிலோ, தூணில் இருந்து எத்தனை மீற்றர், காலுக்குப் பலகை யார் கொண்டுவருவது. மேலே மின்கம்பி போனால் அதையும் சொல்லுங்கள். ஒரு பெரிய சாமானை ஒரு நாள் தூக்க இது நல்ல மெசின். தினமும் மூடை தூக்க இதை வைத்துக்கொள்வது காசுக்கும் நேரத்துக்கும் நட்டம்.

சரி, போர்க்லிஃப்ட்டுக்கு வருகிறேன். முன்னால் இருக்கும் இரண்டு இரும்பு முள்ளை, மூடை அடுக்கிய பலகைத் தட்டுக்கு அடியில் செலுத்தித் தூக்குகிற வண்டி; முள் ஏறி இறங்கும் சட்டத்தைத்தான் கோபுரம் என்கிறோம். நான் எடுத்தது ஜப்பானில் ஓடி வந்த 2.5 தொன் டீசல், இரண்டு அடுக்குக் கோபுரம், மூன்று மீற்றர் உயரம் தூக்கும். தரகர் 3 தொன் ஒன்றைக் காட்டி, "பெரிசா எடுத்தா பயமில்லத்தானே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வேளையாகத் துணைக்கு ஒரு காக்காவை (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிப் போயிருந்தேன். சாய்ந்தமருதைச் சேர்ந்தவர், கத்தாரில் 11 வருடம் போர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்தவர். அவர் மெசினைத் தொடவே இல்லை. முதலில் என்னிடம், "தங்கச்சி, உங்கட பலகைத் தட்டு எவ்வளவு ஆழம்? நடுப்பாதை எவ்வளவு அகலம்? கதவு எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத் திரும்பி வந்து அளந்தோம்.

2.5 தொன் என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான்: முள்ளின் நெஞ்சில், அதாவது அதன் நிமிர்ந்த பகுதியின் முன்பக்கத்தில் இருந்து பாரத்தின் நடு 500 மில்லிமீற்றரில் இருந்தால் 2,500 கிலோ. பாரத்தின் நடு அதைவிட வெளியே போனால் தூக்குகிற அளவு குறையும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த ஏறுபலகைக் கணக்குத்தான். முன் சில்லு நடுக்கட்டை. பின்னால் இரும்புப் பாரம், முன்னால் நம் மூடை. எங்கள் தட்டு முள் போகிற பக்கத்தில் 1.2 மீற்றர் ஆழம், ஆகவே நடு 600இல் வருகிறது. அந்தத் தூரத்தில் எங்கள் மெசினின் தகட்டில் 2,250 கிலோ அளவுக்குத்தான் போட்டிருக்கிறது. ஒரு தட்டில் 20 நெல் மூடை வைத்தால் 1,300 கிலோ. 50 கிலோ அரிசி மூடை 40 வைத்தால் 2 தொன். இரண்டும் அதற்குள் அடங்கும். 1.5 தொன் மெசின் எடுத்திருந்தால் நெல்லுக்கே விளிம்பில் நின்றிருப்போம், அரிசிக்குப் போதவே போதாது. 3 தொன் எடுத்திருந்தால் வீண் பருமன்.

பருமனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். இந்த மெசின் ஒரு தட்டோடு நின்ற இடத்தில் திரும்பி அட்டிக்கு நேராக நிற்க ஏறத்தாழ 4 மீற்றர் பாதை வேண்டும். எங்கள் ஸ்டோரில் அட்டிகளுக்கு நடுவே இருந்தது 10 அடி, அதாவது 3 மீற்றர். ஒரு வரிசை அட்டியையே கைவிட்டுப் பாதையை அகட்டினோம். ஏறக்குறைய 300 மூடைக்கான இடம் போனது. 3 தொன் என்றால் இன்னும் போயிருக்கும். இந்தக் கணக்கை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்.

இரண்டாம் தடவை போனபோது காக்கா மெசினைப் பார்த்த விதத்தை எழுதத்தான் வேண்டும். போனதும் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். சூடு. "நமக்கு முதல் யாரோ ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க, நாளைக்கு வாறம்" என்று திரும்பிவிட்டார். அடுத்த நாள் சொல்லாமல் காலை ஏழு மணிக்குப் போனோம். குளிர்ந்த எஞ்சின் இரண்டாம் சுற்றில் பிடித்தது. புகை வெள்ளையாக வந்து கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. மணி காட்டும் மீற்றரை அவர் நம்பவில்லை. பிரேக் மிதியின் இறப்பரை டோச் லைட் அடித்துப் பார்த்தார். மீற்றரில் மணி குறைவாகவும் மிதி வழுக்கையாகவும் இருந்தால் ஒன்று பொய்.

பிறகு சட்டைப் பையில் இருந்து கலிப்பரை எடுத்தார். முள்ளின் நிமிர்ந்த பகுதியை அளந்தார்: 40 மில்லிமீற்றர். அது உராயாத இடம். அடுத்து முள் வளைந்து கிடையாகத் திரும்புகிற குதியை அளந்தார். 35. மறுபக்க முள்ளும் 35. அந்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வருடக்கணக்காகத் தரையில் இழுபட்டுக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. குதி பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே, அதாவது 36க்கு வந்தாலே, அந்த முள்ளை ஒதுக்கவேண்டும். பத்தில் ஒன்று தேய்ந்த முள் தாங்குகிற பாரம் ஐந்தில் ஒன்று குறைந்துவிடும் என்றார். நான் கண்ணால் பார்த்து நல்ல முள் என்று நினைத்தது அது. புது முள் போட்டுத் தந்தால்தான் விலை பேசுவோம் என்று நின்றோம். கடைசியில் போட்டுத் தந்தார்கள்.

தூக்குகிற சங்கிலிக்கும் ஒரு கணக்கு உண்டு. 3 வீதத்துக்கு மேல் நீண்டிருந்தால் மாற்றவேண்டும். எங்களுடையது தப்பியது. கடைசியாக, அங்கே இருந்த சீமெந்து மூடைகளைத் தட்டோடு நெஞ்சளவு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, கோபுரத்தில் சோக்கால் கோடு போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். பத்து நிமிடத்தில் ஒரு விரல் அகலம்கூட இறங்கவில்லை. ஹைட்ரோலிக் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே மெசின் புதைந்தது. கேற்றில் இருந்து ஸ்டோர் தளம் வரைக்கும் 22 மீற்றர் மணல். வெறும் மெசினே மூன்றரைத் தொன்னுக்கு மேல். பாரத்தோடு நிற்கும்போது மொத்த நிறையில் பெரும்பங்கு இரண்டு முன் சில்லில் ஏறுகிறது. பெக்கோ ஓடுகிற மண் என்று போர்க்லிஃப்ட் ஓடாது. இதன் சில்லு சின்னது, அடிவயிறு தரையோடு ஒட்டியது. வண்டில் பாதை மாதிரி கிறவல் போட்டுப் பார்த்தோம், இரண்டு நாளில் பள்ளம் விழுந்தது. கடைசியில் கம்பி வலை போட்டு ஆறு அங்குலக் கொங்கிரீட் தளம் ஊற்றினோம். அந்தச் செலவையும் 21 நாள் காத்திருந்ததையும் மெசின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். எங்கள் கரையில் யாராவது போர்க்லிஃப்ட் எடுக்கப்போகிறேன் என்றால் நான் முதலில் கேட்பது, "தரை போட்டாச்சா?"

டயர் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். காற்று டயரோடு வந்தது. ஆலை வளவில் ஆணியும் தகரத் துண்டும் இல்லாத நாள் இல்லை. பாரத்தை உயரத்தில் வைத்திருக்கும்போது ஒரு பக்கக் காற்றுப் போனால் என்ன நடக்கும் என்று நினைத்தாலே போதும். காற்றில்லாத முழு இறப்பர் டயர் போட்டோம். உலகத்துக்கே இந்த ரக டயரை அதிகம் செய்து அனுப்புகிற நாடுகளில் நம்முடையதும் ஒன்று என்பதால் கிடைப்பதில் சிரமம் இல்லை. மேடு பள்ளத்தில் உலுக்கும், உண்மைதான். நல்ல தளத்தில் அது தெரியாது.

டீசலா பற்றரியா என்று கேட்பவர்களுக்கு: ஸ்டோருக்குள் புகை ஒரு குறைதான். பின்னேரமானால் உள்ளே கண் எரியும். இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறோம், அரிசி பொதி செய்யும் பகுதிக்குள் விடுவதே இல்லை. பற்றரி மெசினில் இந்தக் கரைச்சல் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் இரவெல்லாம் சார்ஜ் ஏறவேண்டும், பற்றரிக்குத் தண்ணீர் பார்க்கவேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நான் மறக்கவில்லை. அதே வருடம் டீசலுக்கும் வரிசையில் நின்றோம்தான். ஆனால் ஒரு பரல் டீசலை முன்கூட்டி வாங்கி வைக்கலாம், மின்சாரத்தை வைக்க முடியாதே. கொங்கிரீட் தளமும், மூடிய ஸ்டோரும், அரிசி மட்டும் என்றால் பற்றரியே நல்லது. எங்களைப் போல வளவும் ஸ்டோருமாக ஓடுகிறவர்களுக்கு டீசல். வெட்டுக் காலத்தில் நாளைக்கு 12 லீற்றர் அளவு குடிக்கிறது.

வேலை எப்படி மாறியது? முன்பு 200 மூடை லொறி ஏற்ற ஆறு பேருக்கு ஒன்றரை மணித்தியாலம். இப்போது தட்டை லொறித் தளத்தின் மட்டத்துக்கு உயர்த்திக் கொடுக்க, மேலே இரண்டு பேர் இழுத்து அடுக்குகிறார்கள். நாற்பது நிமிடம். யாரும் தரையில் இருந்து மூடையைத் தூக்குவதில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். மெசின் வந்த அன்று எங்கள் ஆட்களின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர்களுக்கு மூடைக்கு இத்தனை என்றுதான் கூலி. நான் நாட்கூலிக்கு மாற்றி, யாரையும் நிறுத்துவதில்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இளம் பொடியன்கள் இரண்டு பேர் காக்காவிடம் ஓட்டப் பழகினார்கள். மாமா இப்போது தட்டில் மூடை பிணைத்து அடுக்கும் முறைக்குப் பொறுப்பு. ஒரு வரிசை குறுக்காக, அடுத்தது நெடுக்காக வராவிட்டால் மெசினைக் கிட்ட விடமாட்டார். அவர் சொல்வது சரி. பிணையாத அட்டி கோபுரம் சாயும்போது முன்னுக்கு வழிந்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன. பின் சில்லால் திரும்புகிற வண்டி, ஆகவே பின்பக்கம் அகலமாக வீசும். முதல் கிழமையிலேயே கதவு நிலையை இடித்தது. இப்போது அந்த வீச்சுக்கு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம், கோட்டுக்குள் ஆள் நிற்கக்கூடாது. அட்டி உச்சிக்குப் போக முள்ளில் ஏறி நிற்கும் பழக்கத்தைப் பொடியன்களிடம் இருந்து எடுக்க ஒரு மாதம் சண்டை பிடித்தேன். முள்ளை இடம் வலமாக நகர்த்தும் அமைப்பு எங்கள் மெசினில் இல்லை. ஒரு சாண் தள்ளி வைக்கவேண்டும் என்றாலும் பின்னுக்குப் போய்த் திரும்பி வரவேண்டியிருக்கிறது. இன்னொரு தடவை எடுத்தால் அது இருக்கிறதைத்தான் எடுப்பேன்.

வெல்லாவெளிப் பக்கத்தில் பெரிய வயற்காரரான போடியார் ஒருவர் வருகிற போகத்தில் நெல்லை ஒரு தொன் பெரிய பைகளில் தரலாமா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையில் நெல் என்றால் 600 கிலோவைத் தாண்டாது, பாரம் பிரச்சினை இல்லை. ஆனால் காதில் தொங்கிக்கொண்டு ஆடும். முள்ளில் நேராகக் கொழுவினால் விளிம்பு காதை அறுக்கும். அதற்கென்று முள்ளில் மாட்டுகிற கொளுக்கிச் சட்டம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்து, மணல் நிரப்பிய பையோடு பொடியன்கள் ஒரு கிழமை பழகட்டும், பிறகு உங்கள் நெல்லில் கை வைக்கிறோம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.